கொலைகாரத் தளபதிக்குச் சிலை எதற்கு?

தோழர்களே! சிலையை அகற்றினால் சரித்திரமே அழிந்துவிடும் என்று சிலர் கூப்பாடு போடுகிறார்கள். யாருடைய சிலை? அதையல்லவா முதலில் கேட்கவேண்டும்!

அமெரிக்காவில் நேதன் பெட்ஃபோர்ட் பாரஸ்ட் என்று ஒருவன். மெம்பிஸ் நகரில் கறுப்பு மக்களை ஆடுமாடுபோல் விற்றுப் பணம் சேர்த்தான். 1861-ல் மூண்ட உள்நாட்டுப் போரில் அடிமை எஜமானர்களின் குதிரைப்படைத் தளபதியானான். 1864 ஏப்ரல் 12-ல் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்புச் சிப்பாய்களை இவன் படை கொன்று குவித்தது. போர் முடிந்ததும் கூ க்ளக்ஸ் கிளான் என்ற கொலைக் கும்பலுக்குத் தலைவன். இவனுக்கு 1905-ல் மெம்பிஸில் குதிரைமீது சிலை! 2017-ல்தான் அது இறங்கிற்று.

இவனுக்குச் சளைக்காதவன் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றான். அவன்தான் ஜேம்ஸ் நீல். 1827-ல் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவன். 1857 எழுச்சியை நசுக்க வடக்கே போனான். காசியிலும் அலகாபாத்திலும் கிராமங்கள் எரிந்தன. ஏழை எளியவர் மரங்களில் தொங்கினர். கான்பூரில் கைதிகள் தூக்கேறுமுன் உறைந்த ரத்தத்தைத் துடைக்கவேண்டும், மறுத்தால் சவுக்கடி என்று எழுதியே உத்தரவிட்டான்.

கான்பூரில் வெள்ளைப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்குப் பதிலடி என்பார்கள். அந்தக் கொலை கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது நடந்தது ஜூலையில். அலகாபாத்தில் நீலின் தூக்குக் கயிறு தொங்கியதோ ஜூனிலேயே!

1857 செப்டம்பர் 25-ல் லக்னோவில் குண்டடிபட்டு மாண்டான். வெள்ளையர் அவனை வீரனாக்கிச் சிலை வைத்தனர். 1927-ல் மக்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். கடலூர் அஞ்சலையம்மாள் சிறை சென்றார். பத்தாண்டு கழித்து, 1937-ல், ராஜாஜி அமைச்சரவை சிலையை அகற்றியது.

சரித்திரம் அழிந்ததா? இல்லை. சிலை கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. நீலின் கதையை நாமும் மறக்கவில்லை. நாற்சந்தியில் கிடைத்த மரியாதை மட்டுமே பறிபோயிற்று.

நமது மதுரைச் சீமையிலும் அந்த ஆட்சி ரத்தம் குடித்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ல், ரேகைச் சட்டத்துக்குப் பணியாத குடியானவர்களைப் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

வாடிப்பட்டி வயல்களிலும் மதுரை ஆலைகளிலும் உழைக்கும் தோழர்களே! சுட்டவனுக்கு வைத்த சிலைக்காகக் கண்ணீர் வடிப்பவரிடம், சுடப்பட்டவரின் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்!