பயப்படுறது பாவமா, டீச்சர்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். பெயர் வேண்டாம். மலையில் அவள் ஊரிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். இப்போது சென்னையில் நர்ஸ். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றாள். நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கை நடுங்குகிறதாம். ஊசி மருந்தின் அளவை நான்கு தடவை பார்த்த பிறகும் தப்பாகிவிடுமோ என்று இருக்கிறதாம். கூட இருப்பவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டால், 'நான் இங்கே வந்திருக்கவே கூடாது' என்று தோன்றுகிறதாம்.

ஆறுதலுக்காக ஹாஸ்டல் தோழியோடு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே பேசியவர், "பயம் வருதுன்னா உனக்கு விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து இவளுக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. நான் கிறிஸ்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறாள்: "பயப்படுறது பாவமா, டீச்சர்?"

"இல்லை கண்ணு. நீ முதலில் சாப்பிட்டுத் தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய முழு பதில்தான் இந்தப் பதிவு. உங்களிலும் சிலருக்கு உதவலாம்.

வேதாகமத்தில் 'பயப்படாதே' என்ற வார்த்தை 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அந்தக் கணக்கு சரியில்லை. ஆனால் அந்த வார்த்தை பல இடங்களில் வருகிறது என்பது உண்மை. யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பயந்துபோய் நிற்கிறவர்களிடம். பயமே வராதவனிடம் போய் யாராவது பயப்படாதே என்பார்களா?

மோசேயின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எகிப்தில் அடிமைகளாக இருந்த தன் ஜனங்களை மீட்டுக்கொண்டு வரும்படி கடவுள் அவரை அனுப்புகிறார். அவரோ, எனக்குச் சரளமாகப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று கெஞ்சுகிறார். கடவுளுக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனாலும் மோசேயைத் தள்ளிவிடவில்லை; நாக்கைச் சரிபண்ணியும் அனுப்பவில்லை. பேசத் தெரிந்த அண்ணன் ஆரோனைத் துணைக்குச் சேர்த்து அனுப்பினார்.

எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், செத்துப்போகிறேன் என்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இயேசுவே கெத்செமனே தோட்டத்தில் கலங்கி, மூன்று சீஷர்களைப் பார்த்து என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவருக்கே அப்படியென்றால், இந்தப் பெண்ணைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் இல்லை' என்று சொல்ல நாம் யார்?

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. 1984-ல் ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாக மலைக்கு வந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது மாதம் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். அவர் முன்னால் பாடம் எடுக்க நின்றேன். குரலே எழும்பவில்லை. "இந்த அம்மாவுக்கெல்லாம் யார் சர்ட்டிபிகேட் கொடுத்தது?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்.

அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கில் ராஜினாமா கடிதம் எழுதினேன். அழுதேன், ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்போது விடுதியில் சமைக்கிற அம்மா சாமைக் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், கரியராமரைக் கும்பிடுகிறவர். நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு ஒருநா மட்டும் பள்ளிக்கூடம் வா டீச்சரு. நாளான்னைக்கிப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் போனேன். கை நடுங்கி சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டை வைத்தே எழுதினேன். அப்படி ஒவ்வொரு நாளாகப் போய்ப் போய்த்தான் நான் உங்கள் டீச்சர் ஆனேன். எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த தூதனைப் பற்றி எப்போது வாசித்தாலும் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வரும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். 1954-ல், டாக்டராகி வேலையைத் தொடங்கியிருந்த இளம் வயதில், வண்டி கவிழ்ந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்திலும் பெரிய காயம். இனி நான் எதற்கு என்று நினைக்க எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது.

அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரிக்கு அவர் வழி காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூரில் திறக்கப்பட்டது அவருடைய உழைப்பால்தான். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

அவர் ஆழ்ந்த விசுவாசி. அந்த விசுவாசத்தால் கால்கள் நடக்கவில்லை. இருக்கிற கைகளை வைத்து நாளைக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிற பலம் கிடைத்தது. என் அறிவுக்கு எட்டியவரை விசுவாசம் என்பது இதுதான். பயம் போகட்டும், பிறகு கிளம்புகிறேன் என்று காத்திருந்தால் யாரும் கிளம்பவே முடியாது. பயத்தோடேயே கிளம்பு, நான் கூட வருகிறேன் என்று கடவுள் சொல்வதை நம்பிக் காலெடுத்து வைக்க வேண்டும். அவர் கூட வருவது பெரும்பாலும் ஒரு மனுஷன் அல்லது மனுஷி மூலமாகத்தான்.

இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் யோசித்தேன். நான் வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்குப் பிறகு நடந்தது. வாசிக்கும்போது திக்குகிற ஒரு பையன். "என்னடா பயம்? தைரியமா படி!" என்று வகுப்பு முன்னால் அதட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அப்பாவோடு மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். திரும்ப வரவே இல்லை. எனக்குக் கஞ்சி கொண்டுவந்த அம்மாவை மறந்து, அன்றைக்கு நானே அந்த அதிகாரியாகிவிட்டேன். தம்பி, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், டீச்சர் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்.

அதனால்தான் சொல்கிறேன். பயந்தவரைப் பார்த்து 'பயப்படாதே' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஜெபம் பண்ணுங்கள், உங்கள் வீட்டு வழக்கப்படி சாமி கும்பிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதில்லையா?

மறுநாள் அவளிடம் பேசினேன். "மருந்தின் அளவைப் பற்றிப் பயப்படுகிற நர்ஸ் கையால் ஊசி போட்டுக்கொள்ள எனக்குச் சம்மதம். அந்தப் பயத்தை ஒரு வேலையாக மாற்று. ஆபத்தான மருந்துகளை இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து சரிபார்ப்பது ஆஸ்பத்திரிகளில் உள்ள வழக்கம்தானே? வெட்கப்படாமல் சீனியர் சிஸ்டரைக் கூப்பிடு" என்றேன். "ஒரு வாரம் மட்டும் போ. அடுத்த வாரத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொன்னேன். அது யார் சொன்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று மெசேஜ் வந்தது. கை இன்னும் நடுங்குகிறதாம். ஆனால் மூன்று நைட் டியூட்டி முடித்துவிட்டாளாம்.

சென்னையில் நர்ஸாக இருக்கும் நம் பழைய மாணவிகள், சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் எனக்கு எழுதுங்கள். அவளைக் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன். வாரத்துக்கு ஒருநாள் அவளோடு ஒரு டீ குடித்தால் போதும். நான் அவளுக்கு ஒரு ஆரோனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
வெள்ளிமலை