முற்றத்தில் ஓர் ஆவாரை

பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அங்குள்ளோர் பருகும் காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மின்விசையால் படிப்படியாக மேலேற்றப்பட்டு வந்து சேர்கிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. தோட்டத்திற்குக் குடிநீர் பாய்ச்சினால் 5,000 ரூபாய் தண்டம் என, மார்ச்சு மாதத்தில் குடிநீர் வாரியம் அறிவித்தது. தண்டத்திற்கு அஞ்சிக் குழாயை மூடுவதினும், குழாயை நாடாத செடியை வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து. அத்தகைய செடி ஆவாரை.

"வழியோரப் புதரையா வீட்டில் வளர்ப்பது?" எனச் சிலர் முகஞ்சுளிப்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஆவிரை எனும் இதுவும் ஒன்று. கன்னடத்தார் இதனை ஆவரிகே என்பர். தெலங்கானா தன் மாநில மலராகவே ஏற்றுள்ளது. பொங்கலை ஒட்டி வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து இதனை வாயிலில் காப்புக் கட்டுவோரும் நாமே. ஒருநாள் வாயிலில் ஏற்றிய மலரை எஞ்சிய நாளெல்லாம் வேலிக்கு வெளியே நிறுத்துவது எவ்வகை நயமோ, எனக்கு விளங்கவில்லை.

வளர்ப்பதும் எளிதே. விதையின் மேல்தோல் கடினமானது. ஆதலால் வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்தல் வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி நட்ட கன்று எளிதில் பிழைப்பதில்லை. செடி நிலைக்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் தேவை. முதற்கோடையில் மட்டும் சிறிது நீர் ஊற்றினால், வேரூன்றியபின் மழையே போதும். இலையைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் தின்னக் கண்டு பூச்சிமருந்தைத் தேட வேண்டா. தின்ற கிளை மீண்டும் தழைக்கும்.

குறையும் உண்டு. அடுக்ககங்களின் நிழலில் இது செழிக்காது. சிறுவர் உருண்டு விளையாடும் புல்தரைக்கு ஈடாகவும் ஆகாது. விளையாடும் அளவிற்குப் புல் இருக்கட்டும். மதிலோரமாக எவர் காலும் படாமல், பார்வைக்கென்றே நீர் குடித்துக் கிடக்கும் புல்லைத்தான் அகற்றச் சொல்கிறேன். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்னும் பழமொழி சற்று மிகையே. ஆயினும் நான் வேண்டுவது மருந்தன்று, மதிலோரத்தில் இரண்டடி நிலமே. சூன் மாத மழைக்குமுன் ஒரு கைப்பிடி விதையை ஊறவைத்தால் போதும்.