உவம உருபும் ஆழ்கடல் ஓசையும்

மதி போன்ற முகம் என்பது உவமை; முகமதி என்பது உருவகம். இடைநின்ற 'போன்ற' என்னும் உருபு நீங்கியவுடன் இரு பொருள்களும் ஒன்றாகிவிடுகின்றன. செய்யுளுக்கு அஃது அணி. உண்மையை ஆராய்வோன் அவ்வுருபைக் கைவிடுவானாயின் அது பிழை. கடலடியிற் கேட்ட புதிரான ஓசைகள் சிலவற்றின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்விலக்கணப் பாடமே எமது நினைவுக்கு வருகின்றது.

நிலத்திலே கண் முந்தும். கடலிலே செவி முந்தும். சூரிய ஒளி சில நூறு மீற்றர் ஆழத்துள் மங்கி மறைகின்றது. ஒலியோ நீரிற் செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். இது காற்றிற் செல்லும் வேகத்தின் நான்கு மடங்கிற்கும் அதிகம். தாழ்ந்த ஓசைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்தும் கேட்கும். ஆகவே ஓசை நம்மை வந்தடையும். ஓசையிட்டது எதுவென்பது புலனாகாது. அந்த இடைவெளியிலேதான் கற்பனை குடிபுகுகின்றது.

1997 ஆம் ஆண்டு, கடலடி எரிமலைகளைக் கண்காணிக்கவென அமெரிக்க அரசின் சமுத்திர ஆய்வாளர் பசுபிக் சமுத்திரத்தில் அமைத்திருந்த நீரொலிவாங்கிகளிற் பேரோசையொன்று பதிவாயிற்று. ஏறக்குறைய ஒரு நிமிடம் சுருதி உயர்ந்துகொண்டே சென்ற அவ்வோசையை, ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் இடைவெளியில் இருந்த கருவிகளும் பதிவுசெய்தன. தென்னமெரிக்காவின் தென்முனைக்கு மேற்கே, ஆளற்ற தென்கடலில் அது பிறந்ததெனக் கணக்கிட்டனர். அதற்குப் 'புளூப்' என்பது பெயர். உயிரினத்தின் குரல் போன்றது என்னும் பேச்சு எழுந்தது. 'போன்றது' என்பதை உலகம் விரைவில் மறந்தது. திமிங்கிலத்தினும் பெரிய பூதமொன்று ஆழியுள் வாழ்கின்றதெனக் கதைகள் பரவின.

ஆய்வாளரோ அந்தாட்டிக்காவுக்கு அண்மையிலுள்ள கடல்களிலும் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டனர். மாபெரும் பனிமலைகள் வெடித்துப் பிளக்கும்போது எழும் ஓசைகளும் அவ்வடிவினவே எனக் கண்டனர். 2008 இல் தென் ஜோர்ஜியாத் தீவருகே சிதைந்த பனிமலையொன்றை அதன் ஓசைகொண்டே பின்தொடர்ந்தனர். பூதம் என்றது பனியாயிற்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1960 ஆம் ஆண்டுகளில் நீர்மூழ்கிக் கப்பலோர் தென்கடலில் வாத்துக் கத்துவது போன்ற ஓசையைக் கேட்டனர். வாத்தின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. மிங்கி எனப்படும் திமிங்கிலங்களின் உடலில் ஒட்டிய கருவிகள் அது அவற்றின் குரலே என உணர்த்திய செய்தி 2014 இலேதான் வெளிவந்தது. அரை நூற்றாண்டுப் பொறுமை அவ்விடையின் விலை.

நமது நாட்டிற்கு வருவோம். மட்டக்களப்பு வாவியில் நிலவுக் காலத்தில் எழும் இன்னோசையை யாவரும் அறிவர். 1848 இல் அங்குச் சென்ற எமர்சன் டெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, படகின் மரத்திற் செவியை வைத்துக் கேட்டபோது ஓசை மிகுந்தொலித்ததென எழுதிவைத்தார். அவரை அழைத்துச் சென்ற வலைஞர் அதனை ஊரி என்னும் சிப்பியினத்தின் ஒலி என்றனர். நாமோ 'பாடும் மீன்' என்கின்றோம். பாடுவது போன்ற ஓசை பாட்டாயிற்று; பாடுவதும் மீனென முடிவாயிற்று. அழகிய பெயர், அதனை மாற்றுமாறு யாம் சொல்லவில்லை. அப்பெயரே விடையெனக் கொண்டு மாணவர் வினாவை மூடிவிடலாகாது என்பதே எமது கருத்து.

காரணம் கண்டால் வியப்பு அழியுமென்பர் சிலர். வெப்பக் கடல்களின் ஆழங்குறைந்த நீரில், எண்ணெய்ச் சட்டியிற் பொரிவது போன்ற சடசடப்பு ஓயாது கேட்கும். விரலளவும் இல்லாத இறாலொன்று கொடுக்கை மூடும் விசையில் நீரிலே குமிழி தோன்றி, அக்குமிழி உடைவதால் எழும் ஓசை அஃதென 2000 ஆம் ஆண்டிற் காட்டினர். இதனை அறிந்தபின் எமது வியப்பு இருமடங்காயிற்றேயன்றிக் குறையவில்லை.

ஆதலின் இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவ அன்பர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். விழா நினைவாகக் கல்லூரிக்குக் கட்டடமும் கேடயமும் வழங்குவோர் நீரொலிவாங்கியொன்றும் பதிவுக் கருவியொன்றும் வழங்குவார்களாக. அவை இன்று எய்தற்கரிய பொருள்களல்ல. மாணவர் கரையோரத்திலும் வாவியிலும் அதனை இறக்கி, இடமும் நேரமும் நீரின் நிலையுங் குறித்துக் கேட்கட்டும். கேட்டதை எழுதுங்கால் 'போன்றது' என்னுஞ் சொல்லை விடாது எழுதுமாறு கற்பிக்கும் பொறுப்பைத் தமிழாசிரியராகிய யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.