நோய் பல, கதவு ஒன்றா?

இலங்கையில் மனநோயுற்றாரைப் பற்றிய மூலச் சட்டம் 1873ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வெள்ளைத் துரைமார் மலைநாட்டிலே கோப்பி விளைவித்த காலம் அது. பைத்தியக் கட்டளைச் சட்டம் என்பதே அன்று அதன் பெயர். 1956இல் அதனைத் திருத்தி, மனநோய்க் கட்டளைச் சட்டம் எனப் பெயரை மாற்றினர். நோயாளி தாமே விரும்பி வந்து சிகிச்சை பெறவும் அத்திருத்தம் வழி செய்தது. ஆயினும் சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் எனச் சந்தேகிக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும், கண்காணிப்பில் வைக்கும், பின்னர் தடுத்து வைக்கக் கட்டளையிடும். யாரை அடைப்பது, எங்கே அடைப்பது என்பதே அச்சட்டத்தின் தலையாய கவலை. அடைக்கப்பட்டவர் எம்மொழியிற் பேசுவார், வெளியே வந்தபின் எவ்வாறு வாழ்வார் என்பன அதன் கவலைகள் அல்ல.

2005ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, இதற்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்று வேண்டுமென்று கூறிற்று. கொள்கை பேசினோர் சட்டத்தைத் தரவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட சொற்களே இன்றும் நம் நோயாளரை ஆளுகின்றன.

இதனை ஏன் ஓர் அரசியல் ஏட்டிலே எழுதுகிறோம்? இச்சட்டம் ஒரே வகை நோயாளியைத்தான் அறியும். நம் மண்ணிலோ துயருற்றோர் பல வகையினர். ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. அனைவரையும் ஒரே கதவால் உள்ளே தள்ள முயல்வது மருத்துவமும் அன்று, நீதியும் அன்று.

ஆய்வுகள் கூறுவது

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து ஓர் ஆய்வு நடைபெற்றது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. போரின் கொடுமை நினைவில் மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் நோயின் அறிகுறிகள் 7.0 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. பதகளிப்பு நோயின் அறிகுறிகள் 32.6 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தோரிடம் இவை மிகுந்திருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் அனுபவித்த கொடுமைகளையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தபோது, முகாமில் இருப்போர், ஊரில் இருப்போர் என்ற வேறுபாடு மறைந்தது.

சட்டம் பயின்றோர் இம்முடிவின் பொருளை எளிதில் உணர்வர். நம்மவரின் உள்ளம் இயல்பிலே நலிந்தது அன்று. அவர்களுக்குச் செய்யப்பட்டவையே அவர்களை நலிவித்தன.

வடகிழக்குப் பள்ளிப் பிள்ளைகள் 420 பேரைப் பற்றிய மற்றோர் ஆய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, எறிகணைத் தாக்குதல், அன்புக்குரியோரின் மரணம் போன்ற கொடுமைகளைக் கண்டவர்கள். காற்பங்கினருக்கு அதனால் நோய் கண்டிருந்தது. அப்பிள்ளைகள் இன்று தாய் தந்தையர் ஆகும் வயதினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட தம் நூலிலும், பின்னர் எழுதிய ஆய்வுரைகளிலும், போர் தனி மனிதரை மட்டுமன்றி, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தும் என்பதை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார்.

வேறு வேறு தேவை

முதலாவது, நீண்டகால மனநோயாளர். இவர்கள் போர் நடவாத நாட்டிலும் உள்ளவர்கள். மருந்து இடையறாது கிடைத்தால் பலர் உழைத்து வாழ்வர். இடையறின் நோய் மீளும். ஆதலின் இவர்களுக்கு வேண்டியது தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலை அன்று. அண்மையிலே மாதாந்தக் கிளினிக், தவறாத மருந்து, வராதவரை வீடு தேடிச் சென்று விசாரிக்கும் ஓர் உத்தியோகத்தர், செய்வதற்கு ஒரு தொழில் ஆகியனவே வேண்டும்.

இரண்டாவது, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். மரணத்துக்கு ஈமக்கடன் உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமற் போனவனுக்கு எதனைச் செய்வது? பொட்டு அழிப்பதா, வைப்பதா என்று அறியாத மனைவியின் துயருக்கு முடிவு ஏது? 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், இறந்தார் என ஒப்புக்கொள்ளாமலே ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெற வழி வகுத்தது. சொத்து, கொடுப்பனவு போன்ற காரியங்களுக்கு அது உதவும். உள்ளத்துக்கு உதவுவது உண்மை ஒன்றே. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது மாத்திரை அன்று; மகன் எங்கே என்பதற்கு மறுமொழி.

மூன்றாவது, புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் வைக்கப்பட்டு மீண்ட ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள். தாம் சொல்வது வைத்தியரின் காதோடு நிற்குமா, புலனாய்வாளரின் கோவைக்குப் போகுமா என்று அஞ்சுகின்றவர் எவ்வாறு மனந்திறப்பார்? கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொன்னதை இரகசியமாகக் காப்பது போன்றே, நோயாளி வைத்தியரிடம் சொன்னதும் சட்டத்தாற் காக்கப்பட வேண்டும். அதுவே இவர்களுக்குரிய முதல் மருந்து.

கமக்காரரும் நஞ்சும்

நான்காவது வகையினரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. இறந்தோரிற் பெரும்பாலோர் பயிருக்குத் தெளிக்கும் நஞ்சினால் மாண்டனர். வறட்சி, கடன், குடும்பப் பிணக்கு ஆகியவற்றால் ஒரு நொடியில் எழுந்த ஆத்திரம், கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருந்தமையால் மரணமாயிற்று. அன்று தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவு, உயிர் தப்பியவரைக் குற்றவாளி என்றது. 1998இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

1995இல் மிகக் கொடிய நஞ்சுகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998இல் எண்டோசல்பான் தடுக்கப்பட்டது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பராகுவாற் முதலியன விலக்கப்பட்டன. விளைவு என்ன? பத்தாண்டுக்குள் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. அதன் பின்னரும் குறைந்தது. இந்நஞ்சுகள் இன்றேல் விளைச்சல் வீழும் என வியாபாரிகள் அச்சுறுத்தினர். விளைச்சல் வீழவில்லை என்பதை ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர். நஞ்சைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தாற் போதுமா என்றும் ஆராய்ந்தனர். வடமத்திய மாகாணத்தில் 50,000க்கு மேற்பட்ட குடும்பங்களிடையே நடந்த அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பூட்டும் பெட்டியால் நஞ்சருந்தல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கமக்காரனிடம் கவனமாயிரு என்று உபதேசிப்பதைவிட, கொல்லும் நஞ்சைக் கடைக்கே வராமற் செய்வதுதான் உயிர் காத்தது. எத்தனையோ வைத்தியர்கள் காத்திருக்கக்கூடிய உயிர்களை ஒரு சட்டவிதி காத்தது. மனநலம் சட்டத்தின் விடயமன்று என்று எவரும் இனிக் கூறற்க!

நாவே கருவி

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. எலும்பு முறிவைக் காட்டப் படம் உண்டு. மனநோயை அறிய நோயாளியின் சொல்லே கருவி. ‘நெஞ்சு பதகளிக்குது’, ‘ஒரே யோசினை’ என்று நம் தாய்மார் சொல்வதைப் பிறமொழி வைத்தியர் எவ்வாறு நிறுப்பார்? மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரை அழைத்தால், குடும்பத்தின் அந்தரங்கம் அவர் வாயிலன்றோ புகுந்து வெளிவரும்!

1956ஆம் ஆண்டை நினைவு கூர்க. மனநோயாளர் விரும்பி வரலாம் என்று ஒரு சட்டம் கதவைத் திறந்த அதே ஆண்டில், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என மற்றொரு சட்டம் நம் வாயை அடைத்தது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஏட்டில் எழுதிய உரிமை வைத்தியசாலைக் கட்டில் வரை வந்தாலன்றி அது உரிமை ஆகாது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கும், தென்னிலங்கையில் வாழும் தமிழ் பேசும் மக்கள் யாவருக்கும் இது பொருந்தும்.

இரு தவறான வாதங்கள்

நம்மவருள் ஒரு சாரார், ‘அரசியற் தீர்வே மருந்து, அது வரும்வரை இப்பேச்சு எதற்கு?’ என்கின்றனர். நம் துயரின் வேர் அரசியல் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் நோயுற்ற இளைஞன் ஒருவனின் தாய், தீர்வு வருமட்டும் காத்திருக்க இயலுமா? தீர்வு வந்தாலும் அவனுக்கு மருந்து வேண்டும். தன்னாட்சி கேட்கும் மக்கள் தம் நோயாளரை எவ்வாறு பேணுகின்றனர் என்பதும் அவ்வாட்சிக்கான தகுதிக்கு ஒரு சான்றாகும்.

வேறு சிலர், ‘இம்மக்கள் மனம் பாதிக்கப்பட்டவர்கள்; ஆற்றுப்படுத்தினால் அடங்குவர்’ என்கின்றனர். இது முன்னதினும் கொடிது. நீதி கேட்பதை நோயின் அறிகுறியாக்கும் சூழ்ச்சி இது. அழுபவரைத் தேற்றுவது வைத்தியரின் கடமை. அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வது அரசின் கடமை. ஒன்றைச் செய்து மற்றதைத் தட்டிக் கழிக்க இடமளியோம்.

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். மகளின் கலியாணம் குழம்பும் என்று மகனின் நோயை மறைப்போர் எத்தனை பேர்! நூல் கட்டி, கழிப்புக் கழித்து ஆண்டுகளைப் போக்கிய பின் வைத்தியரை நாடுவோர் எத்தனை பேர்! கோயில் ஆறுதல் தரும். அது மருந்துக்கு மாற்றாகாது. ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்’ என்று மேடையிலே எதிரியை ஏசும் அரசியல்வாதிகளும் தம் நாவை அடக்குவாராக.

நாம் வேண்டுவன

புதிய சட்டம் வேண்டும். அதில் தடுத்து வைப்பது கடைசி வழியாகட்டும்; தடுக்கப்பட்டவர் தம் மொழியில், தம் சட்டத்தரணியோடு, குறித்த காலத்துக்குள் மறுவிசாரணை பெறட்டும். நோயாளியின் இரகசியம் காக்கப்படட்டும். தமிழ் பேசும் நோயாளி எவ்வைத்தியசாலையிலும் தமிழிற் பரிசோதிக்கப்படட்டும். ஆதார வைத்தியசாலைதோறும் மனநலப் பிரிவும் வீடு தேடி வரும் உத்தியோகத்தரும் அமையட்டும். நஞ்சுத் தடை தளராதிருக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய உண்மை வெளிவரட்டும்.

இவற்றுட் சிலவற்றை வைத்தியர் செய்வர். சிலவற்றை நீதிமன்றம் செய்யும். பெரும்பாலானவற்றைப் பாராளுமன்றமே செய்ய வேண்டும். அங்கே நாம் அனுப்பிய பிரதிநிதிகள் இருக்கின்றனர். அடுத்த முறை அவர்கள் உம் ஊருக்கு வரும்போது, வீதியையும் மதகையும் பற்றிக் கேட்பதோடு நில்லாது, 1873ஆம் ஆண்டின் சட்டத்தை மாற்ற என்ன செய்தீர் என்றும் கேளுங்கள்.