ஆனியில் கட்டணம், பங்குனியில் உபகாரச் சம்பளம்!

காலை வண்டி ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் வந்து நிற்கும்போது, தோளில் பை மாட்டிய பிள்ளைகள் கும்பலாக இறங்குகிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்குவோரும் உண்டு. பரமகல்யாணிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். கடையத்துப் பக்கம் பீடி சுற்றும் தாயின் மகள். விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். கடனா நதிப் பாசனத்தில் நாற்று நடும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண். இப்படிப்பட்டவர்கள்தான் அந்தக் கும்பலில் அதிகம். காலேஜ் படிப்பென்றால் பாளையங்கோட்டைக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. நல்லது!

ஆனால் பிள்ளை கல்லூரிக்குள் போய்விட்டால் மட்டும் போதுமா? மூன்று வருஷமும் அங்கே நிற்க வேண்டுமே! இடையில் நின்றுபோகிற பிள்ளைகளை நமது தோழர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் அறிவார்கள். படிப்பு ஏறாமல் நின்றவர்கள் சிலர். பணம் இல்லாமல் நின்றவர்கள் பலர். எனவே கல்லூரி மாணவர் தம் கைப்பணத்தைத் திட்டமிட்டுச் செலவிடுவது எப்படி என்ற விஷயத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம். இது சில்லறை விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இதைப் பற்றி உபதேசம் செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. வருமானத்தில் நூற்றுக்கு 50 பங்கு அவசியச் செலவுக்கு, 30 பங்கு ஆசைப்பட்டதற்கு, 20 பங்கு சேமிப்புக்கு என்று ஒரு சூத்திரம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எலிசபெத் வாரன் அம்மையாரும் அவர் மகளும் 2005ல் எழுதிய ஒரு நூலால் பரவிய சூத்திரம் இது. அங்கே மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குச் சொன்னது. அதை அப்படியே கொண்டுவந்து நமது பிள்ளைகளிடம் நீட்டுகிறார்கள். அவசியச் செலவே நூற்றுக்கு 110 பங்கு ஆகிற வீட்டில் ஆசைக்கு 30 பங்கை எங்கிருந்து எடுப்பது? "டீ குடிக்காதே, சினிமா பார்க்காதே, சேமிப்பாய்" என்று நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சிக்கனத்தை அது தாய்ப்பாலோடு குடித்திருக்கிறது.

அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? தொகையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி காலத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நமது வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளியின் கையில் நாலு காசு புரள்வது எப்போது? பிசான அறுப்பின்போது, மாசி பங்குனியில். அறுவடை எந்திரம் வந்த பிறகு அதுவும் சுருங்கிவிட்டது. சித்திரையும் வைகாசியும் வறண்ட மாதங்கள். கார் சாகுபடிக்கு மழை பெய்து அணை திறந்தால் நடவு வேலை கிடைக்கும். திறக்காவிட்டால் அதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும்? ஜூனில், அதாவது கை முற்றிலும் காலியாகி நிற்கிற வேளையில்! பஞ்சாலைத் தொழிலாளிக்குப் போனஸ் தீபாவளிக்கு. பீடித் தொழிலாளிக்கு வாரக் கூலி. வாங்கிய அன்றே பலசரக்குக் கடைக்குப் போய்விடும். சர்க்கார் தரும் உபகாரச் சம்பளமோ பெரும்பாலும் கல்வியாண்டின் கடைசியில், பரீட்சை நெருங்கும்போதுதான் பாங்கியில் வந்து விழுகிறது. செலவு முன்னே, வரவு பின்னே. இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூனில் 5,000 ரூபாய் குறைகிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்குகிறோம். மாதம் 500 ரூபாய் வட்டி. மார்ச்சில் உபகாரச் சம்பளம் வரும்வரை ஒன்பது மாதத்துக்கு 4,500 ரூபாய். வந்த பணம் 6,000 என்றால், வட்டி போக மிஞ்சுவது 1,500. அசல் 5,000 அப்படியே நிற்கிறது! அடுத்த ஜூனும் வந்துவிடுகிறது. இதே 5,000 ரூபாயைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சிறு நகையை வைத்து ஏறத்தாழ ஒரு ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தால், ஒன்பது மாத வட்டி 450 ரூபாய்தான். பிள்ளை ஒரு நாளும் ஊதாரித்தனம் செய்யவில்லை. ஆனாலும் வீட்டிலிருந்து 4,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. எத்தனை கோப்பை டீயை நிறுத்தினால் இந்தப் பணத்தை மீட்கலாம்?

கந்துவட்டி என்ன செய்யும் என்று நமது ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2017 அக்டோபர் 23ந் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பச்சைக் குழந்தைகளும் தீக்கிரையானதை நாடே பார்த்தது. அதற்கு 14 வருஷம் முன்னாலேயே, 2003ல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று சட்டம் இருந்தது! இப்போது கந்துவட்டிக்காரன் செல்போனுக்குள்ளேயும் புகுந்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் கடன் என்பான். ஆயிரம் கேட்டால் பிடித்தம் போக எழுநூறு தருவான். ஏழே நாளில் ஆயிரத்தையும் கேட்பான். தவறினால் போனில் உள்ள பெயர்களுக்கெல்லாம் கேவலமாகச் செய்தி அனுப்புவான். கல்லூரிப் பிள்ளைகளே, வீட்டுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

எனவே கணக்கு நோட்டை மாதக் கணக்காக அல்ல, வருஷக் கணக்காக எழுத வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு மாதத்துக்கும் பக்கம் ஒதுக்குங்கள். தொகையைப் பிறகு எழுதலாம். முதலில் தேதியை எழுதுங்கள். சேர்க்கைக் கட்டணம் எந்தத் தேதி, இரண்டு செமஸ்டர் பரீட்சைக் கட்டணங்களும் ஏறத்தாழ எந்த மாதம், ரெக்கார்டு நோட்டும் புத்தகமும் எப்போது என்று மூத்த மாணவரைக் கேட்டால் சொல்வார்கள். எதிர்ப்பக்கத்தில் அறுப்பு, நடவு, போனஸ், உபகாரச் சம்பளம் எந்த மாதம் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மாதத்தில் பள்ளம் விழுகிறதென்று அப்போதே தெரிந்துவிடும். பள்ளம் ஜூனில் என்று பங்குனியிலேயே தெரிந்தவனுக்குச் சங்கத்துக்குப் போய் விசாரிக்க அவகாசம் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் தெரிந்துகொள்பவன் வட்டிக்காரன் வீட்டுக்குத்தான் ஓடுவான்.

இனி வரவுப் பக்கம். இதில்தான் நமது மக்கள் அதிகம் இழக்கிறார்கள்.

சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு, புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் முதல் அதே தொகை. வருஷத்துக்கு 12,000. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக் கூலி 2024-25ல் நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் 12,000 ரூபாய் என்பது 37 நாளுக்கும் மேற்பட்ட வெயிலும் வியர்வையும். ஆதார் வேறொரு பாங்கிக் கணக்கோடு இணைந்திருப்பதால் இந்தப் பணம் எங்கோ போய் நிற்கிறது, பிள்ளைக்குத் தெரியவே இல்லை என்ற நிலையும் உண்டு. பாங்கியில் போய் ஒரு தடவை கேட்டால் தீர்கிற காரியம் இது.

தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உபகாரச் சம்பளம் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் தனியாக உண்டு. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ள விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி உதவி உண்டு. சர்க்கார் விடுதிகளில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கு மத்திய சர்க்கார் தருவது பட்டப் படிப்புக்கு வருஷம் 6,000. தொழிற் படிப்புக்கு 25,000. இந்தப் பணம் யாருடைய தயவும் அல்ல. 1976ல் வந்த சட்டப்படி பீடியின் மீது வரி விதித்து, அதைத் தொழிலாளர் நலநிதியாகச் சேர்த்தார்கள். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதற்கெனத் தனியே வந்த வருமானம் போய், பட்ஜெட்டில் ஒதுக்குவதை எதிர்பார்த்து நிற்கும்படி ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. உதவி கேட்க அடையாள அட்டை வேண்டும். தரகர் கொடுக்கும் இலையை வாங்கிச் சுற்றும் பெண்ணுக்கு அட்டை ஏது? இருபது வருஷம் பீடி சுற்றி இடுப்பொடிந்த தாய், பீடித் தொழிலாளியே அல்ல என்று காகிதத்தில் ஆகிவிடுகிறாள்! பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாள்வரை காத்திராமல், அது பள்ளியில் படிக்கும்போதே அட்டைக்கு யூனியன் மூலம் மனுப்போடுவது அவசியம். ஒன்றை வாங்கினால் மற்றொன்று கிடையாது என்ற விதியும் சில உதவிகளுக்கு உண்டு. எது கூடுதல் என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

ரயில்வேயில் ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பட்டப் படிப்பு வரை மாணவிகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும். கீழ ஆம்பூர், ரவணசமுத்திரம் பிள்ளைகள் கவனிக்கவும். பஸ் வழியாக வரும் பெண்களுக்கு, 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது.

செலவுப் பக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு எத்தனை மாதம்? பன்னிரண்டு. செல்போன் கம்பெனிக்கு எத்தனை மாதம்? பதின்மூன்று! 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ் என்று வைத்து, வருஷத்தில் ஒரு தடவை கூடுதலாகப் பறிக்கிறான். 2024 ஜூலையில் விலையையும் ஏற்றினார்கள். தடவைக்கு 300 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 3,900. வீட்டில் மூன்று போன் இருந்தால் 11,700. மகளின் மாதம் ஆயிரம் ரூபாய் கிட்டத்தட்ட முழுவதும் அவன் பெட்டிக்கே! இணைப்பு ஒரு போனுக்குப் போதும். மற்றவை பேசுவதற்கு மட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

உட்கார்ந்து பேசுவது என்றோம். அதுதான் நமது வீடுகளில் நடப்பதில்லை. தகப்பன் வாங்கிய கடனைப் பிள்ளையிடம் மறைக்கிறான், படிப்புக் கெட்டுவிடுமே என்று. பிள்ளை பரீட்சைக் கட்டண நோட்டீஸை மறைக்கிறது, அம்மா எங்கே போவாள் என்று. கடைசியில் தேதி தாண்டிப்போய் அபராதத்தோடு கட்டுகிறார்கள். "ஏட்டி, பத்து நாளைக்கு முன்னாலேயே சொன்னா என்ன?" என்று தாய் கேட்க, மகள் பதில் சொல்லாமல் நிற்கிற காட்சியை நாம் ஒரு வீட்டிலா பார்த்திருக்கிறோம்! இதை எழுதுகிறவனும் அப்படி ஒரு நோட்டீஸை டவுசர் பைக்குள் மடித்து வைத்திருந்து, பத்தாவதோடு நின்றவன்தான். நோட்டு வீட்டு நடுவில் கிடக்கட்டும். பிள்ளைக்கு வீட்டுக் கடன் தெரியட்டும். பெற்றோருக்குக் கல்லூரித் தேதிகள் தெரியட்டும்.

நோட்டைச் சரியாக எழுதினாலும் கட்டணமே மலைபோல் நின்றால் என்ன செய்வது? ஒரே கல்லூரியில் சர்க்கார் உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் இன்னொரு கட்டணம் என்ற ஏற்பாடு நாடெங்கும் இருக்கிறது. அதற்கு எந்த நோட்டும் மருந்தல்ல. ஆனால் கட்டணம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தைச் சர்க்கார் 2013ல் தன் பொறுப்பில் எடுத்த பின்னும், மருத்துவ மாணவர்களிடம் வருஷத்துக்கு 5 லட்சத்து 44 ஆயிரம் வாங்கினார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி, வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2021ல் அது மற்ற சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாயாக இறங்கியது. ஜெர்மனியில் சில மாகாணங்கள் 2006 முதல் கொண்டுவந்த கட்டணத்தை, மக்கள் எதிர்ப்பால் 2014க்குள் எல்லா மாகாணமும் கைவிட்டன. 50-30-20 சூத்திரத்தைத் தந்த அமெரிக்காவிலோ மாணவர் கடன் 1.7 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது.

ஒரு வீட்டு நோட்டில் உபகாரச் சம்பளம் எந்தத் தேதி வந்தது என்று இருக்கும். ஐம்பது வீட்டு நோட்டில் அந்தத் தேதிகளைச் சேர்த்தால், கலெக்டர் மேஜையில் வைக்க அது மனுவாகும். "தாமதம்" என்று வாயால் சொன்னால் விசாரிப்போம் என்பார்கள். ஜூனில் கட்டிய ரசீதையும் மார்ச்சில் பணம் விழுந்த பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கல்வியாண்டு தொடங்கும்போதே உபகாரச் சம்பளம் வரவேண்டும், வரும்வரை கட்டணம் கேட்கக் கூடாது என்ற கோரிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த வருஷம் பன்னிரண்டாவது முடிக்கும் பிள்ளை உள்ள வீடுகள் மே மாதத்திலேயே வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் பதிந்துவிட வேண்டும். ஜூனில் போனால் வரிசை தெருவரை நிற்கும். பழைய வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், தேதியைப் பாருங்கள். பிள்ளை பெயரில் பாங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, அந்த நாற்பது பக்க நோட்டுக்குள் வைத்துவிடுங்கள்.