இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்!

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில், மேடை விளிம்பில் கனத்த ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கும். அதன் எதிரிலேயே சின்ன வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருப்பதுண்டு. இது தவறு என்பேன்.

திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலியளவு சுமார் 6 டெசிபல் குறையும். முதல் வரிசை 2 மீட்டரிலும் கடைசி வரிசை 32 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 24 டெசிபல்! பெட்டியை 2 மீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள். முதல் வரிசைக்கு 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்கோ அரை டெசிபல்தான். மைக் மட்டும் பெட்டிக்கு எதிரே வரக்கூடாது, வந்தால் ஊளையிடும்.

பெட்டி நகரவில்லையா? அடியில் பழைய சாக்கை விரித்து இழுங்கள். உராய்வு குறையும், தரையும் கீறாது.

உட்செவியின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தம்பி தங்கையரின் காதுகளுக்காக இந்தச் சிறு சிரமம் கூடாதா?