பார்த்துச் சொன்னவருக்கும் கூலி உண்டு



எங்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. வண்டிக்கு எந்த உதிரிபாகம் வேண்டுமானாலும் அங்கே தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று சரியாகச் சொல்லும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அப்படிப்பட்டவருக்கு நாம் தரும் மரியாதையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்று வையுங்கள். சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. ஆயில் மேலே கசிந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். அதனால் நல்ல மெக்கானிக் முதலில் என்ஜினைத் துடைப்பார். சிறிது நேரம் ஓடவிட்டு, டார்ச் அடித்து, ஈரம் தெரியும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்.

ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான். 1983-ல் வந்த மாருதி 800-ல் மூன்று சிலிண்டர், மூன்று பிளக். வயரோடு வெளியே தெரியும். இன்றைய கார்கள் பலவற்றில் பிளக் ஆழமான குழிக்குள், காயிலுக்கு அடியில் இருக்கிறது. குழியில் ஆயில் தேங்கியிருந்தால் பெரும்பாலும் மேல்மூடி கேஸ்கெட்டோ குழாய் சீலோ போயிருக்கும், செலவு சிறியது. பிளக்கின் நுனியே ஆயிலில் நனைந்து, நீலப் புகையும் வந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டும், செலவு பெரியது.

பிளக் லூஸானால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், இழுவை குறையும், பிளக் அளவுக்கு மீறிச் சூடாகும். அதற்காகக் கண்டபடி முறுக்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். என்ஜின் ஆறியபின் கையால் திருகி, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் தேடி, பிளக்கை இறுக்கிக் கொடுத்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குப்பா ஐந்நூறு?" நாலு பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பெரிய பில் நீட்டினால் பேசாமல் கொடுக்கிறோம். டாக்டர் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றால் ஃபீஸ் கொடுத்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோமே! தேவையில்லாமல் பாகம் மாற்றும் பழக்கத்தை வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு.

"ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே சார்" என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: பார்த்துச் சொல்வதற்கான கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். "மாத்துறதுக்கு முன்னாடி எங்கே கசியுதுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். நேர்மையானவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது ஆயில் கருகும் வாடை வந்தால், சூடான புகைக்குழாய் மீது அது சொட்டிக்கொண்டிருக்கலாம், தீப்பிடிக்கவும் கூடும். வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்து பார்த்ததற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்